ஜாம்பி வந்தால் ஜவ்வாது மலை: பதினோரு பேரோடு சென்னையை விட்டுக் கிளம்புவது எப்படி

எங்கள் குழுவில் பதினோரு பேர். நன்றாக ஓடக்கூடியவர்கள் நான்கு பேர். முதல் தடவை திட்டம் போட்டபோது அந்த நான்கு பேரை வைத்துத்தான் கணக்குப் போட்டோம். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், ஐந்தே நாளில் மலை, முடிந்தது கதை. பாட்டிக்கு 74 வயது, முழங்கால் தேய்மானம், பெரியப்பாவுக்கு இன்சுலின், சித்தி மகளுக்கு ஆறு வயது என்பதெல்லாம் அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. கத்தி, கோடாலி, ஜீப் என்று ஆரம்பிப்பார்கள். நீங்கள் ஒரு வெள்ளைத் தாளில் உங்களோடு வருகிறவர்களின் பெயரை எழுதி, யார் கடைசியாக நடந்து வருவார் என்று பார்த்து, அவர் பெயருக்குக் கீழே கோடு போடுங்கள். இனி எல்லாக் கணக்கும் அவரை வைத்துத்தான்.

இது என்ன விளையாட்டா என்று கேட்டால், ஆமாம், விளையாட்டுதான். ஆனால் விளையாடுவது நாம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011 மே மாதம் ஜாம்பி வந்தால் வீட்டில் என்னென்ன வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிப் போட்டது, படிக்க வந்த கூட்டத்தில் அந்தத் தளமே படுத்துவிட்டது. புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் வேண்டிய அதே பையைத்தான் வேறு பெயரில் சொல்லியிருந்தார்கள். அதே 2011-ல் அந்நாட்டு ராணுவத்தின் ஒரு பிரிவு தன் ஆட்களுக்குத் திட்டமிடல் பழக்க ஜாம்பிக்கு எதிராக ஒரு முழுத் திட்டமே எழுதியது, உண்மையான நாட்டின் பெயரைப் போட்டால் வம்பு என்பதால். நமக்கு அந்தக் கவலை இல்லை, நேராகப் பாலாற்றைக் கடக்கலாம்.

எந்த ஜாம்பி?

குழுவில் முதல் சண்டை இதில்தான் வரும். ஓடுகிற ஜாம்பி என்றால் திட்டமே வேண்டாம், வீட்டிலேயே இருந்து காபி குடிக்கலாம். அதனால் மெதுவாக நடப்பது, சத்தத்துக்கு வருவது, நீந்தத் தெரியாதது, ஏணி ஏறாதது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக நடந்தால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். மணிக்கு 2 கிலோமீட்டர் தள்ளாடி வந்தால்கூட அது தூங்காது, சாப்பிடாது, கால் வலிக்கிறது என்று உட்காராது. 24 மணி நேரத்தில் 48 கிலோமீட்டர். நாம் பாட்டியோடு ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். அதாவது வேகத்தில் ஜாம்பியை ஜெயிக்கவே முடியாது. அது நம் பின்னாலேயே வராதபடி, நடுவில் தண்ணீர், மேடு, சுவர் என்று எதையாவது விட்டுக்கொண்டே போக வேண்டும். கீழே நான் சொல்லும் வழி முழுக்க ஏரியாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

எங்கே போவது?

ஊட்டி, கொடைக்கானல் என்று சொல்கிறவர்களை ஓட்டெடுப்பில் சேர்க்காதீர்கள். அங்கே சாப்பாடு கீழேயிருந்து லாரியில் போகிறது, லாரி நின்றால் இரண்டே வாரத்தில் அரிசி தீரும். சாதாரண மே மாதத்திலேயே மலைப்பாதையில் கார்கள் மணிக்கணக்கில் நிற்கும். கடற்கரைச் சாலை வேண்டாம், ஒரு பக்கம் கடல் என்றால் தப்பிக்கும் வழியில் பாதி போய்விட்டது. படகு இருக்கிறவர்கள் இதைப் படிக்கவே தேவையில்லை.

2015-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆட்கள் ஜாம்பி பரவலைக் கணக்குப் போட்டுப் பார்த்து, மக்கள் குறைவாக இருக்கும் வடக்கு ராக்கி மலைப்பக்கம் ஓடுவது நல்லது என்றார்கள். நம் பக்கத்துக்கும் அதே கணக்குதான். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26 ஆயிரம் பேருக்கு மேல், தமிழ்நாட்டின் சராசரியோ 555. நான் தேர்ந்தெடுத்தது ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் பக்கம். சாமை விளைகிறது, பலா, தேன், புளி இருக்கிறது. ஒரு வழி அடைத்துக்கொண்டால் வேறு வழிகள் உண்டு, போளூரிலிருந்து, செங்கத்திலிருந்து, ஆலங்காயத்திலிருந்து, வேலூர் அமிர்தி பக்கத்திலிருந்து. இருட்டும் நிறைய இருக்கிறது, அதே மலையில் இருக்கும் காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியை வைத்திருப்பதே அதற்காகத்தான். கொல்லிமலையும் நல்ல மலைதான், ஆனால் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, பாட்டியால் முடியாது.

எப்போது கிளம்புவது?

பொங்கலுக்கு முந்தின நாள் ராத்திரி பெருங்களத்தூரைக் கடந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாருக்கும் டிக்கெட் இருக்கிறது, யாரும் யாரையும் கடிக்கவில்லை, அப்படியும் மூன்று மணி நேரம். எல்லாரும் கிளம்பும்போது நீங்களும் கிளம்பினால் அந்தக் கூட்டத்தில்தான் மாட்டுவீர்கள். அதனால் இரண்டே நேரம்தான் உண்டு. ஒன்று, செய்தி உறுதியான முதல் ஆறு மணி நேரத்துக்குள். தவறவிட்டால், வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று வாரம் அசையாமல் இருந்து, கூட்டம் அடங்கிய பிறகு. நடுவில் கிளம்பவே கூடாது.

எங்கள் வீட்டில் வைத்திருக்கும் அடையாளம் பால் பாக்கெட். விடிகாலையில் பால் வரவில்லை, பக்கத்துத் தெருவிலும் வரவில்லை, காரணம் சொல்லவும் ஆள் இல்லை என்றால், அன்றைக்கே கிளம்ப வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கற்றுக்கொண்டது இது. முதல் நாள் பால் இல்லை, மத்தியானம் கரண்ட் இல்லை, சாயங்காலம் செல்போனில் சிக்னல் இல்லை, மறுநாள் காலையில் மாடிப்படியில் தண்ணீர். "கொஞ்சம் பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு நாள் முழுக்கப் போனது. கரண்ட் போன மறுநிமிடம் மோட்டார் ஓடாது என்பதால், மூன்று வாரம் உள்ளே இருப்பதாக முடிவெடுத்தால் முதல் வேலை அண்டா, குடம், பக்கெட், குக்கர் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடிப்பதுதான். அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எதில் போவது?

சைக்கிள். அதுவும் பழைய கறுப்புச் சைக்கிள், அகலமான கேரியரோடு. பெட்ரோல் பங்க்கில் கரண்ட் இல்லாமல் பம்ப் ஓடாது, பைக் சத்தம் ஒரு கிலோமீட்டருக்குக் கேட்கும், கார் முதல் நெரிசலிலேயே நிற்கும். சைக்கிளில் 40 கிலோ சுமையைக் கட்டித் தள்ளிக்கொண்டே நடக்கலாம், வரப்பில் இறக்கலாம், தோளில் தூக்கி மதில் தாண்டலாம். பாட்டிக்கு, தண்ணீர் கேன் போடுகிறவர்கள் மிதிப்பார்களே அந்த மூன்று சக்கர வண்டி. அதில் ஒரு மெத்தையும் குடையும் போட்டால் பாட்டி, குழந்தை, இரண்டு கேன் தண்ணீர் எல்லாம் ஏறும். இப்போதே தெருவில் யாரிடம் பழைய வண்டி இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது.

பஞ்சர் ஒட்டப் பழகுங்கள். சொல்யூஷன், ஒட்டுத் துண்டு, உப்புத்தாள், காற்றடிக்கும் பம்ப், வண்டிக்கு ஒரு உபரி டியூப். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போதும், கிரீச் கிரீச் என்று போனால் ஊரையே கூப்பிடுவது மாதிரி.

மூட்டை

ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரைக்கிலோ உலர் உணவு. பதினோரு பேர், பன்னிரண்டு நாள், 66 கிலோ. சமைக்காமல் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும், புகை எழும்பினால் தூரத்திலிருந்தே மனுஷனும் வருவான். அவல், வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு, ஊறுகாய். முதல் இரண்டு நாளுக்குப் புளிசாதம், நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறியது. கருவாடு வேண்டாம், தெருநாய் எல்லாம் பின்னாலேயே வரும். காபிப்பொடி எடுக்க வேண்டுமா என்று எங்கள் வீட்டில் அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. "அது வந்து கடிச்சா கடிக்கட்டும், காபி இல்லாம நான் எங்கேயும் வர மாட்டேன்" என்று பாட்டி சொன்னதும் கால் கிலோ சேர்த்துவிட்டோம்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், மொத்தம் 44. இருபது லிட்டர் கேன் இரண்டும் கையில் பாட்டிலும். அதற்கு மேல் சுமக்க முடியாது, வழியில் எடுத்தாக வேண்டும். காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் வயல் நடுவில் பெரிய பெரிய பாசனக் கிணறுகள் இருக்கின்றன. பம்ப்செட் ஓடாது. ஆகவே 30 மீட்டர் கயிறும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் கட்டாயம். அடிபம்ப் இருந்தாலும் தொடாதீர்கள், அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எடுத்த தண்ணீரை வேட்டித் துணி நான்காக மடித்து வடிகட்டி, நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வையுங்கள், மேகமாக இருந்தால் இரண்டு நாள். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஜாம்பி கடிக்காமலேயே ஒரு குழுவை முடித்துவிடக்கூடியது வயிற்றுப்போக்கு, இதை யாருமே திட்டத்தில் எழுதுவதில்லை.

மருந்து மூன்று மாதத்துக்கு. மூக்குக் கண்ணாடி ஆளுக்கு ஒன்று கூடுதலாக. பெண்களுக்கு வேண்டிய துணி, நாப்கின் பற்றி ஆண்கள் போடும் பட்டியலில் ஒருநாளும் இருக்காது, அதனால் பட்டியலைப் பெண்களிடம் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லுங்கள். பெரியப்பாவின் இன்சுலினுக்கு ஒரு பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டியை வைத்து, இடைவெளியில் மணல் நிரப்பி, மணலை நனைத்து, மேலே ஈரத்துணி. பிரிட்ஜ் மாதிரி இருக்காது, ஆனால் வெயிலுக்குத் தாங்கும்.

உப்பு பத்து கிலோ தனியாக. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வழி

புறப்படுகிற இடம் மேற்குத் தாம்பரம் என்று வைத்துக்கொள்கிறேன், எங்கள் வீடு அந்தப் பக்கம். முடிச்சூர் வழியாக மணிமங்கலம் ஏரி. பல்லவர்கள் புலிகேசியைத் தோற்கடித்த அதே மணிமங்கலம்தான், ஓடி வந்தவர்களைப் பார்த்துப் பழகின ஊர். அங்கிருந்து ஒரகடம் தொழிற்சாலைப் பக்கம் ஒட்டாமல் வாலாஜாபாத், பாலாற்றைக் கடந்து மாமண்டூர், அப்புறம் செய்யாறு, ஆரணி ஊருக்குள் நுழையாமல் தெற்கே ஒதுங்கி தேவிகாபுரம், போளூர், மலை. சுற்றிச் சுற்றிப் போவதால் 200 கிலோமீட்டர் என்று வையுங்கள். பத்து நாள் நடை, இரண்டு நாள் ஓய்வு.

பெங்களூர் நெடுஞ்சாலை பக்கமே போகாதீர்கள். தண்டவாளத்தில் நடக்கலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். ஜல்லியில் பாட்டியின் கணுக்கால் என்ன ஆகும் என்று அவரிடம் கேளுங்கள், மூன்று சக்கர வண்டி எப்படிப் போகும் என்றும்.

ஏரிக்கரைதான் நம் நெடுஞ்சாலை. தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன, வரைபடத்தில் இந்தப் பகுதியைப் பார்த்தால் நீலச் சட்டை கிழித்துப் போட்ட மாதிரி இருக்கும். கரை உயரம், ஒரு பக்கம் தண்ணீர், நான்கு பக்கமும் பார்வை தெரியும், மேலே பெரும்பாலும் வண்டித்தடம் உண்டு. மாமண்டூர் ஏரிக்கரையில் ஒரு தடவை சைக்கிளில் போயிருக்கிறேன், பல்லவர் காலத்து ஏரி, கரையில் நின்றால் யார் வந்தாலும் நாம் மூட்டை கட்டி முடித்த பிறகுதான் வந்து சேருவார்கள். ஆனால் சித்திரை வைகாசியில் பல ஏரிகள் காய்ந்து கிரிக்கெட் மைதானமாகிவிடும், வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஐப்பசி கார்த்திகையிலோ ஏரி நிறைந்திருக்கும், பாலாறும் நிறைந்துவிடலாம். வருஷத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் அந்த ஆறு 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியது. தை மாசி என்றால் ரொம்ப வசதி. ஜாம்பியிடம் சொல்லிப் பார்க்கலாம்.

வரைபடத்தைச் செல்போனில் இறக்கி வையுங்கள், இணையம் இல்லாமல் வேலை செய்கிற செயலியாக. அதோடு நிற்காமல் கையாலும் ஒன்று வரையுங்கள். ஏரியின் பெயர், கிணறு, கோயில், மொட்டைமாடிக் கட்டடம் மட்டும். ஒவ்வொரு பெரியவர் பையிலும் ஒரு பிரதி.

நடக்கிற விதம்

விடிகாலை நாலரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் நிறுத்தம். மறுபடி மாலை நாலிலிருந்து ஆறரை. முன்னால் இரண்டு பேர் 200 மீட்டர் இடைவெளியில், பின்னால் இரண்டு பேர், நடுவில் வண்டி. கடைசியில் வருகிறவர் கால் மணிக்கு ஒரு தடவை தலை எண்ண வேண்டும். வாய்விட்டு எண்ணக் கூடாது.

சத்தத்தை ஒரு நாள் உட்கார்ந்து தேடுங்கள். கொலுசு, கண்ணாடி வளையல், சாவிக்கொத்து, செல்போன் அலாரம், டிபன் கேரியர். இந்தக் கடைசிதான் பெரிய வில்லன். நாலடுக்கு எவர்சில்வர் கேரியரைச் சைக்கிளில் மாட்டி, குண்டும் குழியுமான தடத்தில் பத்தடி தள்ளிப் பாருங்கள், கோயில் மணி தோற்றுவிடும். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஈரிழைத் துண்டு வைத்து இறுக்கி மூடுங்கள், அல்லது கேரியரையே விட்டுவிட்டு வாழைமட்டைக்குப் போங்கள். நாய்க்கு வழி இல்லை. ஊர் எல்லையில் ஒரு நாய் குரைத்தால் பத்து நாய் சேரும், அதனால் ஊருக்குள் போகவே வேண்டாம், வயல் வழியாகச் சுற்றுங்கள்.

பிரிந்துவிட்டால் என்ன செய்வது? எங்கள் விதி இரண்டே வார்த்தை: "அடுத்த மதகு". எந்த ஏரியாக இருந்தாலும் மதகு இருக்கும், குழந்தைக்குக்கூட அடையாளம் தெரியும். கடைசியாகப் பேசிக்கொண்ட ஏரிக்கு அடுத்த ஏரியின் மதகில் ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருப்பது, அதற்கு மேல் முடியாவிட்டால் சுண்ணாம்புக்கட்டியால் தேதியும் போகிற திசைக்கு அம்புக்குறியும் போட்டுவிட்டு நகர்வது. பெயர் எழுத வேண்டாம், யார் படிப்பார்கள் என்று தெரியாது.

ராத்திரி மொட்டைமாடி. ஊராட்சிக் கட்டடமோ பள்ளிக்கூடமோ, வெளியே இரும்பு ஏணி இருந்தால் பரம சுகம். மதில் உயர்ந்த பழைய கோயில்களும் நல்லதுதான், ஆனால் ஒரே வாசல் உள்ள இடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்கக் கூடாது. கல்யாண மண்டபம் வேண்டவே வேண்டாம், கண்ணாடிக் கதவு.

கடிபட்டால்

இதை வீட்டிலேயே, எல்லாரும் சாப்பிட்டு முடித்த ஒரு மத்தியானத்தில் பேசிவிடுங்கள். வழியில் பேசினால் அழுகைதான் வரும், சத்தம் வேறு. மறைக்கக் கூடாது என்பது மட்டும் எங்களிடம் கட்டாய விதி, தினமும் காலை மாலை ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாகக் கை கால் பார்ப்போம். அதற்கு மேல் என்ன என்று பேச்சு வந்தபோது பெரியப்பா, "என்னை ஒரு கிணத்து மோட்டார் ரூம்ல வெச்சுப் பூட்டிட்டுப் போயிடுங்க, சாவியை உள்ளேயே போட்டுடுங்க" என்றார். யாரும் எதுவும் பேசவில்லை. அதையே எழுதிக்கொண்டோம்.

மலையடிவாரத்தில்

போளூர் தாண்டி மலை ஏறும்போது அவசரப்படாதீர்கள். மேலே இருப்பது காலி நிலம் இல்லை. மலையாளி என்ற பழங்குடி மக்களின் (கேரளத்து மலையாளிகள் இல்லை) ஊர்கள், அவர்களுடைய சாமை, அவர்களுடைய ஊற்று. பதினோரு பேர் திடீரென்று போய் நின்றால் நாம்தான் அவர்களுக்கு ஜாம்பி. அடிவாரத்தில் ஒரு நாள் தங்கி, குளித்து, யாரும் கடிபடவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, பகலில், பாட்டியையும் குழந்தையையும் முன்னால் வைத்துப் போங்கள். கையில் அந்தப் பத்து கிலோ உப்பு. மலையில் எல்லாம் விளையும், உப்பு விளையாது, கீழேயிருந்துதான் போக வேண்டும். அப்புறம் உங்கள் குழுவில் யாருக்கு என்ன வேலை தெரியும் என்று சொல்லுங்கள். தையல், பிரசவம் பார்ப்பது, சைக்கிள் ரிப்பேர் எல்லாம் செல்லும். எனக்குத் தெரிந்த எக்செல் செல்லாது.

ஒத்திகை

கடைசிப் படி என்றாலும் முதலில் செய்ய வேண்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழு மூட்டையோடு, வீட்டிலிருந்து முதல் ஏரி வரை நடந்து பாருங்கள். நாங்கள் போன தை மாதம் மணிமங்கலம் வரை போனோம். நாலரைக்குக் கிளம்ப வேண்டியது, ஆறே காலுக்குக் கிளம்பினோம், பெரியப்பா ஷேவ் செய்யாமல் வர மாட்டேன் என்றார். மூன்றாவது கிலோமீட்டரில் மூன்று சக்கர வண்டி பஞ்சர், சொல்யூஷன் டியூப் காய்ந்து கல்லாக இருந்தது. ஓடக்கூடிய நான்கு பேரில் இரண்டு பேருக்குப் புது ஷூ கடித்து ஏழாவது கிலோமீட்டரிலேயே கால் கொப்பளம். அவர்களை வண்டியில் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. பாட்டி இறங்கி, ரப்பர் செருப்போடு, வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை வரை நடந்தே வந்தார். டீக்கடையில் ஒரு பெரியவர், "எங்கே இவ்வளவு மூட்டை, வீடு மாத்துறீங்களா?" என்று கேட்டதற்கு பாட்டிதான் பதில் சொன்னார், "ஆமாம்பா, வாடகை ஏத்திட்டாங்க."

தாளில் பாட்டி பெயருக்குக் கீழே இருந்த கோட்டை அழித்துவிட்டு, அன்றைக்கு ராத்திரியே என் பெயருக்குக் கீழே போட்டுக்கொண்டேன்.